பீக்கோ டிரெயில்: தேயிலைத் தோட்டங்களின் வழியே 300 கிலோமீட்டர்

இலங்கையின் மலைநாட்டில், கண்டிக்கு அருகிலுள்ள ஹந்தானையில் தொடங்கி, கலஹா, பூண்டுலோயா, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை, ஹப்புத்தளை, எல்ல என்று பெரிய வளையமாகச் சுற்றி நுவரெலியாவில் முடிகிற பீக்கோ டிரெயில், 300 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவை 22 கட்டங்களாகப் பிரித்துத் தரும் நடைபாதை. தேயிலையை மலையிலிருந்து இறக்குவதற்கென்று ஆங்கிலேயர் காலத்தில் போடப்பட்ட தோட்டப் பாதைகளை ஒன்றோடொன்று இணைத்து, ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க அரசின் யுஎஸ்எய்டு அமைப்பும் அளித்த நிதியுதவியோடு இதை உருவாக்கினார்கள். இதைப் பற்றி இதுவரை என் கண்ணில் பட்ட மதிப்புரைகளில் பெரும்பாலானவை மேலைநாட்டுப் பயணிகள் எழுதியவை. பனிமூட்டத்தையும் பசுமையையும் வியந்து, வழியில் கண்டவர்களின் புன்னகையைப் புகழ்ந்து முடிந்துவிடுபவை. தமிழ் தெரிந்த ஒருவருக்கு இந்தப் பாதை தருவது வேறு. அதன் சில பகுதிகளை மட்டுமே நடந்தவன் என்ற வரம்போடு, எதை நடக்கலாம், எதை விடலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஓர் எதிர்பார்ப்பைத் திருத்திவிட வேண்டும். நெடுநடை என்றதும் அடர்ந்த காட்டை நினைத்து வருபவர்கள் இங்கே ஏமாந்துபோவார்கள். ஹந்தானையின் பைன் மரங்கள், ஓட்டன் சமவெளியை ஒட்டிய குளிர்க்காடு, ஹப்புத்தளைக்கு அருகிலுள்ள தங்கமலைக் காடு ஆகியவற்றைக் கடந்து செல்கையில் மட்டுமே மரநிழல் நீடிக்கிறது. மற்ற இடங்களிலெல்லாம் தேயிலைதான். அந்தத் தேயிலையே ஒரு காலத்தில் காட்டை வெட்டி நடப்பட்டது என்பதை, சரிவின் நடுவே தப்பி நிற்கும் ஒன்றிரண்டு பெருமரங்கள் நினைவூட்டுகின்றன. காலுக்குக் கீழே எப்போதும் மண்ணும் இல்லை. கணிசமான தூரம் கொங்கிரீட் போட்ட தோட்டச் சாலையிலும் பழைய கருங்கல் பாவிய வண்டிப்பாதையிலும் செல்கிறது. ஆகவே கணுக்காலை மூடும் கனமான மலையேற்றக் காலணிகளைவிட, அடிப்பகுதி நன்றாகப் பிடிக்கும் இலகுவான ஓட்டக் காலணியே இங்கே பொருந்தும். பெரும்பாலான கட்டங்கள் 10 முதல் 20 கிலோமீட்டருக்குள் அடங்குவதால், பழக்கமுள்ளவர்கள் பிற்பகலுக்குள் முடித்துவிடலாம்; ஏற்றங்கள் நீளமானவை என்றாலும் குதிரையும் வண்டியும் ஏறுவதற்கென்று வெட்டப்பட்டவை ஆகையால் மூச்சை நிறுத்தும் செங்குத்து குறைவு.

பாதையின் இணையதளத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் வரைபடமும், கைப்பேசியில் இறக்கிக்கொள்ளும் வழித்தடக் கோப்பும் கிடைக்கின்றன. பள்ளத்தாக்குகளில் சிக்னல் அறுந்துவிடுவதால் இவற்றை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வது கட்டாயம். ஆனால் ஒரு தோட்டத்துக்குள் ஐந்தாறு பாதைகள் பிரியும் இடங்களில், திரையிலுள்ள கோட்டைவிட எதிரே வருபவரைக் கேட்பதுதான் விரைவான வழி. தமிழ் பேசுபவருக்கு இந்தப் பாதை பணம் கொடுத்தும் வாங்க முடியாத ஒரு வசதியைத் தருவது இங்கேதான். "ஸ்டோருக்குப் போற ரோட்டை விட்டுருங்க. மடுவத்துக்குப் பக்கத்துல படி ஏறுனா மேட்டு லயம் வரும், அங்க கேளுங்க" என்று ஒரு பெண் சொல்வதைப் புரிந்துகொள்ள, தேயிலைத் தொழிற்சாலைதான் ஸ்டோர், கொழுந்தை நிறுக்கும் கொட்டகைதான் மடுவம், தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள்தான் லயம் என்பது தெரிந்தால் போதும். தேயிலை நட்ட ஒவ்வொரு பகுதிக்கும் எண்ணிட்டு அதை 'மலை' என்றே அழைக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொண்டால், வழிகாட்டி இல்லாமலே பெரும்பாலான கட்டங்களைக் கடந்துவிடலாம்.

கேள்விகள் எதிர்த்திசையிலிருந்தும் வரும். கலஹாவைத் தாண்டிய ஒரு தோட்டத்தில் முதியவர் ஒருவர், "எந்த ஊரு தம்பி?" என்று கேட்டு, நான் திருச்சிப் பக்கம் என்றதும், "எங்க பாட்டன் துறையூர்க்காரரு" என்று சொல்லி, துறையூரில் இப்போது மழை எப்படி என்று விசாரித்தார். அவர் அந்த ஊரைப் பார்த்ததில்லை. கோப்பித் தோட்டக் காலத்தில் தமிழகத்திலிருந்து வேலைக்கு வந்த முன்னோர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைவரை கால்நடையாகவே வந்தார்கள்; நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். அந்த வருகையின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து 2023-இல் அவர்கள் வழிவந்த மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மீண்டும் நடந்தார்கள். இலங்கையின் முதல் நெடுநடைப் பாதை எது என்று யாராவது கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன். பீக்கோ டிரெயிலில் காலெடுத்து வைப்பதற்கு முன் அந்த வரலாற்றைக் கொஞ்சமாவது வாசித்துவிட்டு வருபவர்களுக்கு, வழியில் எதிர்ப்படும் மாரியம்மன் கோயில்களும், தொழிற்சாலை ஓரத்தில் வணங்கப்படும் ரோதமுனி என்ற காவல் தெய்வமும் வெறும் காட்சிகளாக நின்றுவிடமாட்டா.

கட்டங்களுக்குள் தரவேறுபாடு மிகுதி. தொடக்கப் பகுதியில் கலஹாவிலிருந்து லூல்கந்துரவுக்குச் செல்லும் வழியை வரலாற்றுக்காகவே நடக்கலாம். 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட தோட்டம் அது. கோப்பியை இலைநோய் அழித்தபோது தீவின் பொருளாதாரத்தைத் தாங்கிப் பிடித்தது இங்கே தொடங்கிய பயிர்தான். டெய்லர் அமர்ந்து பார்த்ததாகச் சொல்லப்படும் கல் இருக்கைக்குத் தெளிவான வழி இருக்கிறது. நடுப்பகுதியில் நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவைவரை பாதை மென்மையாக ஏறி இறங்குகிறது; வானம் தெளிந்திருந்தால் சிவனொளிபாத மலையின் கூம்பு நெடுநேரம் கூடவே வரும். பொகவந்தலாவையின் சிறிய ஆங்கிலத் தேவாலயத்தில், 19-ஆம் நூற்றாண்டின் பெரும் புகைப்படக் கலைஞர்களில் ஒருவரான ஜூலியா மார்கரெட் கமரனின் கல்லறை இருக்கிறது. அவர் 1879-இல் இந்த மலைகளிலேயே இறந்தார். தோட்டத் தொழிலாளர்களைப் படமெடுத்த மிகப் பழைய கலைஞர்களில் ஒருவர் இங்கே உறங்குகிறார் என்பது, கையில் கேமராவோடு இந்த வழியில் வருகிறவர்கள் ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டிய செய்தி.

ஏனென்றால் இந்தப் பாதை பற்றி எனக்குள்ள முக்கியமான கருத்து இதுதான்: நாம் நடப்பது பிறருடைய வேலைக்களத்தில். கொழுந்து பறிப்பவர்களின் சம்பளம் மாலையில் மடுவத்தில் விழும் எடையோடு பிணைந்தது. இடுப்பில் படங்கு என்னும் தடித்த துணியைச் சுற்றி, கூடைக் கயிற்றைத் தலையில் தாங்கி நிற்கும் ஒருவரை, ஒரு படத்துக்காக ஐந்து நிமிடம் நிறுத்துவது அவருடைய அன்றைய கிலோக் கணக்கில் கைவைப்பதாகும். லிப்டன் சீட் போன்ற புகழ்பெற்ற இடங்களில் படத்துக்கு நிற்பதே தனிச் சிறுதொழிலாகிவிட்டது. அதில் குறைகாண எனக்கு ஒன்றுமில்லை, கேட்கும் தொகையைக் கொடுத்துவிடலாம். மற்ற இடங்களில் கேமராவைப் பைக்குள் வைத்துக்கொள்வது நல்லது. லயத்து முற்றங்கள் பொது வழியாகத் தோன்றினாலும் ஒரு குடும்பத்தின் சமையலும் குளியலும் அங்கேதான் நடக்கின்றன; வழி அதனூடே சென்றாலும் கண் அங்கே செல்ல வேண்டியதில்லை.

உணவைப் பொறுத்தவரை குறையொன்றும் இல்லை. சந்தியிலுள்ள சிறுகடைகளில் காலையில் ரொட்டியும் கட்டச்சம்பலும், பின்னர் பருப்பு வடையும், எந்நேரமும் இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீயும் கிடைக்கும். கடைகளற்ற நீண்ட இடைவெளிகள் பொகவந்தலாவையை அடுத்த டயகமவுக்குப் பிறகு வருகின்றன; அங்கே பகலுணவைக் கட்டிக்கொண்டு செல்ல வேண்டும். உலகின் விலையுயர்ந்த தேயிலை விளையும் சரிவில் நின்றுகொண்டு குடிப்பது பெரும்பாலும் மலிவான டஸ்ட் ரகத் தூள்தான் என்பது தனிக்கதை.

தங்குமிடமே இந்தப் பாதையின் பலவீனமான பக்கம். ஒருபுறம் துரைமார்களின் பழைய பங்களாக்கள் ஆடம்பர விடுதிகளாகியிருக்கின்றன. ஓர் இரவுக்கு அவர்கள் கேட்கும் தொகையில் நடுத்தரப் பயணி பல நாள்கள் நடந்துவிடலாம். மறுபுறம், கண்டி, ஹப்புத்தளை, எல்ல போன்ற ஊர்களில் வீட்டோடு சேர்ந்த எளிய அறைகள் ஏராளம். இவ்விரண்டுக்கும் நடுவே, குறிப்பாகக் கொட்டகலைக்கு முந்திய கட்டங்களில், ஒரு கட்டம் முடியும் இடத்தில் படுக்க இடமில்லாமல் முச்சக்கரவண்டி பிடித்து அடுத்த ஊருக்குச் சென்று, மறுநாள் காலை அதே இடத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. இந்தப் போக்குவரத்துச் செலவு அறை வாடகைக்கு நிகராக ஏறிவிடும். நான் தங்கிய ஒரு விடுதியில், தொலைபேசியில் சேர்த்தே பேசிய வண்டிக் கட்டணத்தை மறுநாள் தனியாகக் கேட்டார்கள். ஆகவே எழுத்தில் உறுதி வாங்கிக்கொள்வது உசிதம். ஈடுசெய்யும் ஒரு நல்ல அம்சம், பதுளை செல்லும் ரயில்பாதை. கொட்டகலை, வட்டகொடை, ஒஹிய, ஹப்புத்தளை, எல்ல எனப் பல இடங்களில் நடைபாதையும் ரயிலும் சந்திப்பதால், ஓர் ஊரில் பெட்டியை வைத்துவிட்டு ரயிலில் போய் நடந்து திரும்புவதுபோல் திட்டமிடலாம். கால் வலித்தால் பாதியில் விட்டுவிடவும் முடியும்.

எப்போது செல்வது என்பதற்கு ஒரே விடை கிடையாது, ஏனெனில் இந்தப் பாதை இரண்டு பருவக்காற்றுகளின் எல்லையில் கிடக்கிறது. அட்டன், நோர்வூட் பக்கம் தென்மேற்குப் பருவத்தில், அதாவது மே முதல் செப்டம்பர்வரை நனைந்து கிடக்கும். ஹப்புத்தளை, எல்ல அடங்கிய ஊவாப் பக்கம் அதே மாதங்களில் காய்ந்து காற்றடிக்கும், அக்டோபர் முதல் ஜனவரிவரை மழை பெறும். முழுப் பாதையையும் ஒரே மூச்சில் நடக்க நினைப்பவர்களுக்குப் பிப்ரவரியும் மார்ச்சும் மட்டுமே ஓரளவு பாதுகாப்பானவை. மாசியில் பல தோட்டங்களில் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து நடக்கும். மாலையில் பறையொலி கேட்டால் விசாரித்துவிட்டுப் போய்ப் பார்க்கலாம், விருந்தினரை அவர்கள் விலக்குவதில்லை. மழைக்காலத்தில் அட்டைக்கடி தவிர்க்க முடியாதது. காலுறைக்கு மேல் சவர்க்காரத்தையோ, அங்கே எல்லாக் கடையிலும் விற்கும் சித்தாலேபத் தைலத்தையோ பூசிக்கொண்டால் குறையும்.

மண்சரிவு அட்டையைப் போலச் சிறிய தொல்லையல்ல. ஹப்புத்தளைக்கு அருகே கொஸ்லந்தை, மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 அன்று லயங்களே மண்ணுக்குள் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையிலும் மலைநாடு பெரும் மண்சரிவுகளைக் கண்டது. நான் நடந்தது அந்தப் புயலுக்கு முன்பு. ஆகவே எந்தக் கட்டங்கள் திறந்திருக்கின்றன, ரயில் எதுவரை ஓடுகிறது, அனுமதியும் கட்டணமும் என்ன என்பவற்றைப் புறப்படுமுன் பாதையின் இணையதளத்திலும், போன பிறகு உள்ளூர்க்காரர்களிடமும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஓட்டன் சமவெளி தேசியப் பூங்கா என்பதால் அதற்குள் நுழைய வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம் உண்டு, அது சிறிய தொகையும் அல்ல.

தமிழ்நாட்டிலிருந்து ஒரு வார விடுப்பில் செல்பவர்களுக்கு என் பரிந்துரை: ஹப்புத்தளையில் அறை எடுத்து, அதைச் சுற்றியுள்ள கட்டங்களை முதலில் நடங்கள். காடு, தேயிலை, ரயில், தெற்கே கடல்வரை இறங்கும் சமவெளிக் காட்சி நான்கும் அங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. மீதமுள்ள நாள்களுக்கு நோர்வூட்டும் பொகவந்தலாவையும் போதும். எல்லவைச் சுற்றிய பகுதியை, ஒன்பது வளைவுப் பாலத்தில் மொய்க்கும் கூட்டத்தை முன்னிட்டு, நான் தாராளமாக விட்டுவிடுவேன். நுவரெலியாவில் முடியும் கடைசிக் கட்டத்தை ஏப்ரலில் வைத்துக்கொள்ள வேண்டாம். சித்திரைப் புத்தாண்டையொட்டிய விழாக்காலத்தில் கொழும்பே அங்கே வந்து இறங்குவதால் அறை வாடகை பன்மடங்காகிவிடும்.