கேட் தூண் விளக்கை சோலாருக்கு மாற்றி நான்கு மார்கழி ஆயிற்று

எங்கள் வீட்டு கேட் தூண்களின் மேல் இரண்டு குண்டு விளக்குகள் உண்டு. 1987-ல் வீடு கட்டியபோது அப்பா வாங்கி வைத்தவை. வார்ப்பிரும்புப் பாதம், பால் கண்ணாடிக் குண்டு. உள்ளே 60 வாட் பல்பு எரிந்தது, அப்புறம் சி.எஃப்.எல்., அப்புறம் 9 வாட் எல்.இ.டி. குண்டு மட்டும் அதேதான்.

2021 ஐப்பசி மழையில் அவற்றுக்கு மண்ணுக்கடியில் போகும் வயர் எங்கேயோ ஊறிப்போனது. மழை பிடித்தாலே இ.எல்.சி.பி. (மின்கசிவு இருந்தால் கரன்ட்டை நிறுத்தும் சுவிட்ச்) விழும், வீடே இருட்டாகும். எலக்ட்ரீஷியன் தம்பி வந்து பார்த்தார். "அண்ணே, சிமென்ட் தரைய ஒடச்சுத்தான் புதுசா பைப்பு போடணும். இல்லேன்னா கேட்டு லைட்ட மறந்துருங்க." தரையை உடைக்க எனக்கு மனசில்லை. லைட்டை மறக்க அம்மா விடவில்லை. மார்கழியில் விடியக்காலம் நாலரை மணிக்குக் கோலம் போட வாசலில் வெளிச்சம் வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

அதனால் அந்த விளக்குகளை சோலாருக்கு மாற்றினேன். கரன்ட் பில்லில் மிச்சம் பிடிக்க இதைச் செய்ய நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இரண்டு 9 வாட் பல்பு தினம் 12 மணி நேரம் எரிந்தாலும் இரண்டு மாதத்துக்கு 13 யூனிட்தான். நான் மாற்றியபோது தமிழ்நாட்டில் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம் வேறு. ஒரு விளக்குக்கு எனக்கு ஆன 900 ரூபாய் சொச்சத்தை மின்கட்டணத்தில் திருப்பி எடுக்க வருடக்கணக்கில் ஆகும். எனக்குக் கிடைத்த லாபம், கேட்டுக்கு 230 வோல்ட் போகவே வேண்டாம் என்பது. பழைய வயரை மெயின் போர்டிலேயே கழற்றி முனையை மூடிவிட்டேன். அதைக் கழற்றாமல் அப்படியே விட்டுவிட்டு அதே ஹோல்டருக்குள் சோலார் இணைப்பையும் திணிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

முதல் முயற்சி படுதோல்வி. கடையில் விற்கும் பிளாஸ்டிக் தோட்ட விளக்கு இரண்டைப் பிரித்து உள்சமாச்சாரத்தைக் குண்டுக்குள் வைத்தேன். அதில் இருப்பது 1.2 வோல்ட் நிக்கல் செல் ஒன்று, நாலு கால் ஐ.சி. (சிப்) ஒன்று. அந்தக் குட்டி ஐ.சி.தான் வோல்டேஜை ஏற்றி எல்.இ.டி.யை எரிக்கும், பேனலில் கரன்ட் நின்றால் இருட்டிவிட்டது என்று புரிந்துகொள்ளும். கெட்டிக்கார வேலைதான். ஆனால் எட்டு மணிக்கு மின்மினி, பதினொரு மணிக்கு அதுவும் இல்லை. அடுத்த சித்திரைக்குள் பேனல் மேல் பூசியிருந்த எபாக்ஸி பிசின் பழுப்பேறி மங்கிவிட்டது. அப்போதிலிருந்து கண்ணாடி மூடிய பேனல் தவிர வேறு எதையும் வாங்குவதில்லை.

இரண்டாவதாகச் செய்ததைச் சொல்லவே கூச்சம். பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து உருவிய லித்தியம் செல்களை ஒரு டப்பாவில் போட்டு பேனலுக்கு அடியிலேயே திருகினேன். அக்னி நட்சத்திரத்தில் ஒருநாள் மத்தியானம் அந்த டப்பாவில் கை வைக்க முடியவில்லை. எத்தனை வருடம் உழைத்தது என்றே தெரியாத செல்லை அப்படி வெயிலில் வேகவைப்பது ஆபத்து. அன்றைக்கே கழற்றினேன்.

இப்போது இருப்பது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல். டார்ச் லைட் செல்லைப் போல் குண்டாக இருக்கும், 3.2 வோல்ட், 6000 மில்லி ஆம்பியர்-அவர். சென்னை ரிச்சி தெருவில் செல்லையும் அதற்கேற்ற சார்ஜிங் போர்டையும் சேர்த்தே வாங்கினேன். 4.2 வோல்ட் வரை ஏற்றும் சாதாரண லித்தியம் போர்டை இதற்குப் போடக்கூடாது, 3.65-ஐத் தாண்டக்கூடாத செல் இது. சூட்டையும் இது நன்றாகவே தாங்குகிறது. செல் முக்கால்வாசி தீரும்வரை வோல்டேஜ் பெரிதாக இறங்காததால் வெளிச்சமும் ஒரே சீராக இருக்கிறது. செல்லைத் தூணுக்குள் நிழலில் வைத்தேன். 5 வாட் பேனல் காம்பவுண்டுச் சுவர் மேல், தெற்குப் பார்த்து லேசான சரிவில் நிற்கிறது. சரிவு இருந்தால் காக்கை எச்சத்தை மழையே கழுவிவிடும்.

முதல் ராத்திரி ஒரு கூத்து நடந்தது. விளக்கு எரிகிறது, உடனே அணைகிறது, மறுபடி எரிகிறது. அம்மா "பேய் புகுந்துருச்சா?" என்றார். பேனலை விளக்குக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்ததால் தன் வெளிச்சத்தையே அது விடியல் என்று நினைத்துக்கொண்டது. நாலடி தள்ளி வைத்ததும் சரியானது.

வெளிச்சம் எவ்வளவு? நான் போட்டிருக்கும் 1 வாட் எல்.இ.டி. சுமார் 100 லூமன் தரும். அந்தக் காலத்து 40 வாட் இழை பல்பே 400-க்கு மேல் தரும். ஆகவே அதில் கால்வாசிதான், அதிலும் பால் கண்ணாடி கொஞ்சம் தின்றுவிடும். பேப்பர் படிக்க முடியாது. வாசலில் பாம்பு குறுக்கே போனால் தெரியும். எங்கள் பட்டுக்கோட்டைப் பக்கத்தில் அது போதும். மஞ்சள் வெளிச்சம் தரும் எல்.இ.டி.யாகப் பார்த்துப் போட்டதில் ஈசல் தொல்லையும் குறைந்தது.

மழைக்காலக் கணக்குதான் என்னைப் படுத்தியது. செல்லில் 19 வாட்-அவர் இருக்கிறது, ராத்திரி முழுக்க எரிய 11 வேண்டும். வெயில் நாளில் பிரச்சினை இல்லை. கார்த்திகையில் மூன்று நாள் வானம் மூடினால் இரண்டாம் இரவே பாதியில் அணைந்துவிடும். முதல் நாலு மணி நேரம் முழுசாக, அப்புறம் மங்கலாக எரியும் போர்டுக்கு மாறினேன். இப்போது மூன்று இரவு தாங்குகிறது. ஆள் வந்தால் பிரகாசமாகட்டும் என்று சென்சார் ஒன்றையும் குண்டுக்குள் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. உடம்புச் சூட்டின் அகச்சிவப்புக் கதிர் கண்ணாடியைத் தாண்டாது என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. வெளியே, பாதத்தின் கீழ் பொருத்தினேன். அம்மாவுக்கு அதுவும் பிடிக்கவில்லை. "கோலத்துக்கு உக்காந்தா கையை ஆட்டிக்கிட்டே இருக்கணுமாடா?" கடைசியில் தூணில் ஒரு சின்ன சுவிட்ச். அதைத் தட்டினால் முழு வெளிச்சம்.

தண்ணீர் விஷயத்தில் என் புத்திசாலித்தனம் தோற்றது. குண்டின் அடியைச் சிலிக்கான் பசையால் சுத்தமாக அடைத்தேன். உள்ளேயே ஆவி பிடித்து, சொட்டி, போர்டின் சால்டர் பச்சை பூத்துவிட்டது. இப்போது மேல்பக்கம் மட்டும் அடைப்பு. கீழே தண்ணீர் வடிய ஒரு சின்னத் துளை, எறும்பு நுழையாமல் அதில் கொசுவலைத் துண்டு.

வேறு இரண்டு விளக்குகளையும் சோலாருக்கு மாற்றினேன். திண்ணையில் தொங்கிய அரிக்கேன் விளக்குக்குள் 3 வோல்ட் ஃபிலமென்ட் எல்.இ.டி. திரி மாதிரியே எரிகிறது. வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். பழைய டியூப்லைட் பட்டியைக் கிணற்றடியில் மாட்டியது வீண். வீட்டுக்குள் தொங்கவென்று செய்த தகரம், ஒரே மழையில் துரு. சோக்கை எடைக்குப் போட்டதுதான் மிச்சம்.

இந்த லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்லை இன்னும் மாற்றவில்லை. போர்டு இரண்டு போயிற்று, ஒரு சுவிட்ச் போயிற்று. மாதம் ஒருமுறை பேனலை ஈரத்துணியால் துடைக்கிறேன்.

புதிதாக ஒரு பிரச்சினை வந்திருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் அடிப்பதற்கு முன்னால் எங்கள் வாசலில் எட்டுத் தென்னை நின்றது. தரையில் வெயிலே விழாது. ஒரே ராத்திரியில் எட்டும் சாய்ந்தன. மூன்று வாரத்துக்கு மேல் கரன்ட் இல்லாமல் கிடந்தோம். அந்த மரங்கள் போனதால்தான் பேனலுக்கு வெயில் கிடைத்தது. மறுவருடம் அப்பா நட்ட கன்றுகள் இப்போது சுவரைத் தாண்டி மட்டை விரித்துவிட்டன. மூன்று மணிக்கே பேனல் மேல் நிழல் விழுகிறது. தை பிறந்ததும் பேனலை மாடிக் கைப்பிடிச் சுவருக்கு ஏற்ற வேண்டும். இருபது அடி வயர் வாங்கி வைத்திருக்கிறேன்.