ராடிக்கியோவை விதையிலிருந்து வளர்ப்பது: பல ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு

கடைகளில் போன பருவத்து விதைகளை விலை குறைத்து விற்கத் தொடங்கியிருக்கிறார்கள். ராடிக்கியோ (முட்டைக்கோஸ் போல இலைகள் உருண்டையாக மூடும், கசப்பான சிவப்புக் கீரை) விதை பாதி விலைக்குக் கிடைக்கிறது, வாங்கலாமா அண்ணா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். தென்கிழக்கு இங்கிலாந்தில், குத்தகைக்கு எடுத்த தோட்டத் துண்டில் இதை நான் பல ஆண்டுகளாக விதை போட்டே வளர்த்து வருகிறேன். ராடிக்கியோ எப்படி இருக்கும், என்ன சுவை என்பதெல்லாம் கேட்பவருக்கே தெரியும் என்பதால், எனக்கு இன்றுவரை தீராத குறையிலிருந்தே தொடங்குகிறேன்.

ராடிக்கியோ உருண்டை கட்டும் என்று நம்பிக் காத்திருக்க முடியாது. ஒரே பாக்கெட்டிலிருந்து எடுத்த விதையை ஒரே நாளில் ஒரே பாத்தியில் போட்டு, ஒரே அளவு தண்ணீரும் உரமும் கொடுத்தாலும், அக்டோபர் முடிவில் ஒரு செடி கையால் அழுத்தினாலும் அமுங்காத இறுக்கமான சிவப்பு உருண்டையாக நிற்கிறது. அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் செடி பச்சை இலைகளை அகல விரித்துக்கொண்டு, நடுவில் ஒரு குருத்துகூட மூடாமல் பனிக்காலத்துக்குள் போய்விடுகிறது. நல்ல ஆண்டில் பாதிக்கு மேல் தேறும். மோசமான ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு தேறினாலே பெரிது. முட்டைக்கோஸ் போடுகிறவர் யாரும் இப்படிப்பட்ட விளைச்சலைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்.

இதற்குக் காரணம் செடியின் இயல்பிலேயே இருக்கிறது. ராடிக்கியோ என்பது சிக்கரிச் செடியின் ஒரு வகை. சிக்கரிப் பூ தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுப் பெரும்பாலும் விதை கட்டாது. வேறொரு செடியின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஐரோப்பாவின் சாலையோரங்களிலெல்லாம் நீலப் பூவுடன் நிற்கும் காட்டுச் சிக்கரியும் இதே இனம் என்பதால், அதன் மகரந்தமும் சுலபமாகக் கலந்துவிடும். பல்லா ரோஸ்ஸா போன்ற பழைய திறந்த மகரந்தச் சேர்க்கை வகைகளில் ஒரு செடி போல இன்னொரு செடி இல்லாமல் போவது இதனால்தான். தேர்ந்தெடுத்த இரண்டு பெற்றோர் வரிசைகளைக் கலந்து உருவாக்கும் கலப்பின எஃப்1 விதைகளில் இந்தக் குறை பெருமளவு குறைவு. ஆனால் அவற்றின் விலை அதிகம், ஒரு பாக்கெட்டில் இருக்கும் விதையும் சொற்பம். எனவே விதை விற்பவரை மோசடிக்காரர் என்று சொல்வது நியாயமாகாது. ஆனாலும், பாக்கெட்டின் முன்பக்கம் முழுக்கப் பளபளக்கும் ஓர் உருண்டையை அச்சிட்டுவிட்டு, பின்பக்கத்தில் "எல்லாச் செடியும் உருண்டை கட்டாது" என்று ஒரு வரிகூடப் போடாமல் விடுவதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அதைவிடக் கோபமூட்டுவது, ஏப்ரல் முதல் ஜூலை வரை எப்போது வேண்டுமானாலும் விதைக்கலாம் என்று சில பாக்கெட்டுகளில் காணப்படும் குறிப்பு. ஏப்ரலில் முளைத்த செடி இளம்பருவத்திலேயே குளிரை அனுபவித்துவிட்டு, அடுத்து வரும் நீண்ட பகல்களைக் கண்டதும் உருண்டையை மறந்து பூத்தண்டு விட்டுவிடும். இங்கே ஜூனில் பகல் பதினாறு மணி நேரத்துக்கும் மேல் நீள்கிறது. ஜூன் 21 கழிந்து பகல் குறையத் தொடங்கிய பின், ஜூலை நடுப்பகுதிக்குள் விதைப்பதுதான் எனக்குப் பலன் தந்திருக்கிறது.

விதை போடுவதில் பெரிய வித்தை எதுவுமில்லை. ஒரு சென்டிமீட்டர் ஆழம், செடிக்குச் செடி ஓர் அடி இடைவெளி, முளைக்கும் வரை ஈரம் காயாமல் பார்த்துக்கொள்வது ஆகியவை போதும். கடும் வெயிலில் மண் சூடேறிவிட்டால் முளைப்பு குறைந்துவிடும் என்பதால், மாலையில் விதைத்து மேலே நிழல் வலை கட்டிவிடுவேன். தழைச்சத்தை அள்ளிப் போட்டால் இலைதான் பெருக்கும். செப்டம்பர் வரை பாத்தி முழுவதும் பச்சையாகவே இருப்பதைப் பார்த்துப் புதியவர்கள் விதை மாறிவிட்டதோ என்று பயப்படுவதுண்டு. இரவுக் குளிர் ஏறத் தொடங்கியதும் ஆந்தோசயனின் நிறமி கூடி, நடு இலைகளிலிருந்து சிவப்பு பரவும். நவம்பரில் செடியைப் பார்த்தால் அழுகிப் போனது போலத் தோன்றும். வெளி இலைகள் பழுப்பேறிக் கொழகொழத்துக் கிடக்கும், அவற்றுக்கடியில் ஓடில்லா நத்தைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த இலைகளை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டே போக, நான்காவது ஐந்தாவது அடுக்குக்குப் பிறகு, துளி அழுக்கும் இல்லாமல், தூய வெள்ளை நரம்பும் அடர்ந்த ஒயின் சிவப்பும் கொண்ட உருண்டை வெளிப்படும். அடியில் கத்தி வைத்து அறுத்ததும் வெட்டுவாயில் வெள்ளைப் பால் துளிர்த்து விரலில் பிசுபிசுக்கும். உருண்டை கட்டாத செடிகள் மீது எனக்கிருக்கும் ஆத்திரமெல்லாம் அந்தச் சில நிமிடங்களில் அடங்கிவிடும் என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும்.

எதிர்பாராமல் கிடைத்த மகிழ்ச்சி என்றால் அது திரெவீசோ வகைதான். வட இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் பல ஊர்களுக்குத் தனித்தனி ராடிக்கியோ உண்டு: கியோஜாவுக்கு உருண்டை, வெரோனாவுக்குச் சற்று நீண்ட சிறு வகை, காஸ்தெல்ஃபிராங்கோவுக்கு வெளிர்மஞ்சளில் செம்புள்ளி தெறித்த இலை. திரெவீசோவின் நீள ராடிக்கியோவும் காஸ்தெல்ஃபிராங்கோ வகையும் 1996-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பைப் பெற்றன. திரெவீசோவின் பின்பருவ வகையை, இரண்டு முறையாவது உறைபனி பட்ட பிறகே தோண்ட வேண்டும் என்பது அதன் விதி. வேரோடு தோண்டிய செடிகளைக் கட்டுக்கட்டாக, சுமார் 11 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள ஊற்றுநீர் ஓடும் தொட்டிகளில் இருட்டில் நிறுத்துகிறார்கள். வேரில் சேமித்திருக்கும் சத்தைக் கொண்டு உள்ளிருந்து புதிய குருத்து கிளம்புகிறது. வெளிச்சம் படாததால் இலையின் நடுநரம்பு வெள்ளையாகவும் மொறுமொறுப்பாகவும் இருக்கும். கசப்பும் வெகுவாகக் குறைந்துவிடும்.

என்னிடம் ஊற்றுநீர் இல்லை. நவம்பர் இறுதியில் வேர்களைத் தோண்டி, தழையை இரண்டு விரல் அளவு விட்டு நறுக்கி, ஈர மணல் நிரப்பிய ஆழமான வாளியில் நெருக்கமாக நட்டு, ஒளி புகாதபடி மூடிக் குளிர்ந்த அறையில் வைப்பேன். மூன்று நான்கு வாரங்களில், தோட்டத்தில் வேறெதுவும் வளராத குளிர்காலத்தின் நடுவில், விரல் நீளத்தில் இளஞ்சிவப்புக் குருத்துகள் எழும்பியிருக்கும். இதில் எனக்குப் பெரிய ஆறுதல், இலையுதிர்காலத்தில் உருண்டை கட்டாமல் ஏமாற்றிய செடியின் வேரும் பருமனாக இருந்தால் குருத்துக் கொடுக்கும் என்பது. அதை முதலில் பார்த்தபோது இந்தப் பயிர் மீது எனக்கு உண்மையான மரியாதை வந்தது.

சமையல் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லாக்டூசின் முதலான சேர்மங்களால் வரும் கசப்பு, நறுக்கிய இலையைக் குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் ஊறவைத்தால் மட்டுப்படும். நெடுவாக்கில் நான்காகப் பிளந்து, ஆலிவ் எண்ணெய் தடவி, சூடான இரும்புச் சட்டியில் சுட்டால் ஓரம் கருகி இனிப்புத் தட்டும். பாகற்காய் வறுவலை விரும்பிச் சாப்பிடுகிறவர்களுக்கு இது உடனே பிடித்துவிடுகிறது. நம் ஃபில்டர் காபியில் கலக்கும் சிக்கரித் தூளும் இதே இனத்தின் வேரை வறுத்து அரைத்ததுதான். அந்தக் கசப்போடு வளர்ந்த நாக்குக்கு இது புதிதாக இருக்காது.

இவ்வளவு சொன்ன பிறகும் நண்பருக்கு என் பதில், வாங்க வேண்டாம் என்பதே. அவரிடம் இருப்பது ஒரே ஒரு சிறு பாத்தி. ஜூலை முதல் நவம்பர் வரை அதை இதற்குக் கொடுத்துவிட்டு, வரும் உருண்டைகளை விரல்விட்டு எண்ணும் நிலை வந்தால் அவர் அடுத்த ஆண்டு தோட்டத்தையே வெறுத்துவிடுவார். அதே இடத்தில் கேல் கீரை போட்டால் குளிர்காலம் முழுக்கப் பறிக்கலாம். இரண்டு மூன்று பாத்தி உள்ளவர்களும் விலை குறைந்த பல்லா ரோஸ்ஸா பாக்கெட்டைத் தொட வேண்டாம். உருண்டைதான் வேண்டுமென்றால் காசு போனாலும் எஃப்1 விதை வாங்குங்கள். கடையின் விலை குறைத்த விதை அடுக்கில் திரெவீசோ நீள வகை தென்பட்டால் மட்டும் ஒன்று எடுத்துக்கொள்ளலாம். முறையாக வைத்திருந்தால் சிக்கரி விதை சில ஆண்டுகள் கெடாது என்பதால் பழைய இருப்பு என்று தயங்க வேண்டியதில்லை. எனக்கும் இந்த ஆண்டு அது ஒன்று மட்டும்தான். உருண்டை வகைக்கு என் தோட்டத்தில் இடமில்லை.