வெண்டை விதை பேரில் 1,850 ரூபாய் போச்சு, மலைக்காரர்கள் கவனம்

வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன். கொடைக்கானல் கீழ்மலையில் பண்ணைக்காடு பக்கம் எங்கள் வீட்டுத் தோட்டத்துக்கு, ஆன்லைனில் விதை விற்கும் ஒரு கடையில் வெண்டை விதையும் உரமும் சேர்ந்த செட் வாங்கினேன். 1,850 ரூபாய். முளைத்தது விரல் விட்டு எண்ணும் அளவுதான்.

போனில் பேசியவர் எடுத்த எடுப்பில் விலையைப் பேசவில்லை. "அக்கா, உங்க ஊரு எவ்வளவு உயரம்? ராத்திரி குளிர் எப்படி?" என்றுதான் கேட்டார். விதை விற்கிற யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. கொடைக்கானல் டவுன் குளிரில் வெண்டை விதை மண்ணுக்குள்ளேயே அழுகிவிடும், கீழ்மலையில் பங்குனி, சித்திரை வெயிலுக்குப் போட்டால் நன்றாகக் காய்க்கும் என்று அவரே சொன்னார். பச்சை வெண்டைக்கு அர்கா அனாமிகா, சிவப்பு வெண்டைக்குக் காசி லாலிமா என்று இரண்டு ரகம் சொன்னார். "ரெண்டும் புது விதைக்கா, நானே முளைக்க வச்சுப் பார்த்தேன்." அந்தப் பேச்சை நம்பித்தான் உடனே பணத்தை அனுப்பினேன்.

வந்தது வெறும் ஜிப் கவர். மேலே ஸ்கெட்ச் பேனாவில் "வெண்டை" என்று மட்டும் கிறுக்கியிருந்தது. எது பச்சை, எது சிவப்பு என்றுகூட இல்லை. விதை முழுக்க ரோஸ் கலர் மருந்து. சித்திரை வெயிலில் ஒரு வாரத்துக்குள் தலை காட்ட வேண்டிய வெண்டை, பாத்தியில் ஒன்றிரண்டு தவிர அசையவே இல்லை. மீதி விதையை ஈரத்துணியில் முடிந்து அடுப்போரம் வைத்தேன். பிரித்தால் கொழகொழவென்று ஒரே நாற்றம். எத்தனை வருஷத்துப் பழைய விதையோ, கலர் பூசித் தள்ளிவிட்டார்கள்.

போன் செய்தால் முதலில் "கொஞ்சம் பொறுங்கக்கா" என்றார். அப்புறம் "தண்ணி ஜாஸ்தி ஊத்திட்டீங்க." கடைசியில் "மலைக் குளிருக்கு வெண்டை வராதுக்கா, நாங்க என்ன பண்றது?" கீழ்மலையில் நன்றாகக் காய்க்கும் என்று சொன்ன அதே வாய்! ஆப்பில் புகார் போட்டேன். யாரும் கூப்பிடவே இல்லை, "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டார்கள். இப்போது என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார். 1,850 ரூபாய்!

விதை வாங்குகிறவர்களே, ரகம், லாட் எண் (எந்தத் தொகுப்பு விதை என்று காட்டும் எண்), பரிசோதனைத் தேதி, முளைப்புத்திறன் அச்சிட்ட லேபிள் இல்லாத விதையைத் தொடாதீர்கள். வெண்டைக்கு முளைப்புத்திறன் குறைந்தது 65 சதவீதம் இருக்க வேண்டும். எந்த ரகம் போடலாம் என்று தெரிய வேண்டுமானால் தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் போய்க் கேளுங்கள். கவரைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915, நான் புகார் கொடுத்துவிட்டேன். இதே மாதிரி ஏமாந்தவர்கள் நீங்களும் கொடுங்கள்.