மூன்று இழை, ஐந்து பச்சைக்கல்: ஆறு வருடமாக என் விரலில் ஒரு கெல்டிக் மோதிரம்

2018 ஜனவரியில் அயர்லாந்தின் டப்ளினில் வாங்கியது. கெல்டிக் என்பது இந்தப் பக்கத்தில் வாழ்ந்த பழங்கால கெல்ட் மக்களின் பெயரால் விற்கும் பின்னல் பாணி. 14 கேரட் மஞ்சள் தங்கம், ஆறு மில்லிமீட்டர் அகலப் பட்டை, சுற்றிலும் ஜடை போட்ட மாதிரி மூன்று இழைப் பின்னல், முன்பக்கத்தில் மட்டும் பின்னலின் இடுக்குகளில் ஐந்து குட்டி மரகதங்கள், ஒவ்வொன்றும் இரண்டு மில்லிமீட்டர். 1,100 யூரோ. கல்யாண நாளுக்குக் கணவர் வாங்கித் தந்தார். ஆறு வருடம் போட்டுத் தேய்த்த பிறகு எழுதுகிறேன், அதனால் கடை வெளிச்சத்தில் எப்படி மின்னியது என்ற கதையெல்லாம் இதில் இருக்காது.

பெட்டியோடு ஒரு சின்ன அட்டை கொடுத்தார்கள். "ஆரம்பமும் முடிவும் இல்லாத ஒற்றைக் கோடு, முடிவில்லாத அன்பின் அடையாளம், பழங்கால கெல்டிக் மக்களின் ரகசியம்" என்று தங்க எழுத்தில் அச்சடித்திருந்தது. படித்ததும் எனக்கும் கண் கொஞ்சம் கலங்கியது, மறைக்க ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு நாள் பஸ்ஸில் பொழுது போகாமல் சேலைப் பின்னின் முனையால் ஒரு இழையைப் பிடித்துக்கொண்டே போனேன். மேலே ஏறி, கீழே நுழைந்து, ஒரே சுற்றில் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றுவிட்டது. மற்ற இரண்டு இழையோடும் அது சேரவே இல்லை! ஒற்றைக் கோடு என்று சொல்லி மூன்று தனித்தனி வளையங்களை விற்றிருக்கிறார்கள்.

தலை பின்னத் தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். இடது காலை நடுவில் போட்டு, வலது காலை நடுவில் போட்டால் ஒரு தடவை. அப்படி மூன்று தடவை போட்டால் ஒவ்வொரு காலும் தன் பழைய இடத்துக்கு வந்துவிடும். என் மோதிரத்தில் பன்னிரண்டு தடவை இருக்கிறது, மூன்றால் வகுபடுகிறது, ஆகவே மூன்று தனி வளையம். பதின்மூன்று இருந்திருந்தால் மூன்றும் ஒன்றாகி நிஜமாகவே ஒற்றைக் கோடாகியிருக்கும். அம்மாவிடம் வீடியோவில் காட்டினேன். "சிக்குக் கோலம்தானே இது" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, நேர்ப்புள்ளியில் மூன்றுக்கு நான்கு வைத்தால் ஒரே இழையில் முடியும், நான்குக்கு நான்கு வைத்தால் நான்கு இழை வரும் என்றாள். சரிதான். இரண்டு எண்களுக்கும் பொதுவான பெரிய வகுஎண் எதுவோ, அத்தனை இழை. கெல்டிக் முடிச்சுக் கட்டங்களிலும் இதே கணக்குதான் ஓடுகிறது. அட்டை எழுதியவர் கோலம் போட்டதில்லை போலும்.

"பழங்கால ரகசியம்" என்பதும் இடித்ததால் ஒரு விடுமுறை நாளில் கில்டேர் தெருவிலுள்ள தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனேன் (நுழைவு இலவசம், டப்ளின் வந்தால் விடாதீர்கள்). பழைய கெல்டிக் உலோக வேலைகளில் பார்த்தால் சுருளும் வளைவும்தான். இந்தப் பின்னல் முடிச்சு அயர்லாந்தில் பெருகியது கிறிஸ்தவ மடங்களின் காலத்தில், ஏறத்தாழ 7-ஆம் நூற்றாண்டிலிருந்து. ரோமானியத் தரை ஓவியங்களிலும் ஜெர்மானிய உலோக வேலையிலும் இதன் உறவுக்காரப் பின்னல்கள் இருக்கின்றன. டிரினிட்டி கல்லூரியிலுள்ள கெல்ஸ் நூல் என்ற பைபிள் கையெழுத்துப் பிரதியில், சுமார் கி.பி. 800-இல், கன்றுத்தோல் பக்கங்களில் எழுத்துக்குள்ளும் விலங்கின் வாலுக்குள்ளும் இதைப் பின்னித் தள்ளியிருக்கிறார்கள். ஆனால் இந்த முடிச்சுக்கு இது அர்த்தம், அந்த முடிச்சுக்கு அது அர்த்தம் என்று அந்தக் காலத்தவர் எழுதி வைத்த ஏடு ஒன்றுகூட இல்லை. அன்பு முடிச்சு, தாய்மை முடிச்சு என்பதெல்லாம் பிற்கால நகை வியாபாரம் கட்டிய கதை.

வியாபாரம் என்றதும் தாரா புரூச் என்ற பழைய உடை ஊசி நினைவுக்கு வருகிறது. அதே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து வேலை, அதன் நுணுக்கத்தைப் பார்த்தால் மூச்சு நின்றுவிடும். 1850-இல் மீத் மாவட்டத்தில் பெட்டிஸ்டவுன் கடற்கரையருகே கிடைத்தது, பழைய ஐரிஷ் அரசர்களின் தாரா மலைக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. வாங்கிய வாட்டர்ஹவுஸ் என்ற டப்ளின் நகைக்கடைக்காரர் அந்தப் பெயரை வைத்து, அதேபோல நகல்கள் செய்து விற்றார். என் அட்டைக்கு அவர்தான் கொள்ளுத்தாத்தா.

இனி புழக்கத்துக்கு வருகிறேன். நான் நர்ஸ். வார்டில் கல்லோ வேலைப்பாடோ இல்லாத சாதா வளையம் ஒன்றுக்குத்தான் அனுமதி, ஏனென்றால் இடுக்கில் கிருமி தங்கும். இந்த மோதிரத்தில் இடுக்கைத் தவிர வேறென்ன இருக்கிறது? ஆக ஒவ்வொரு ஷிப்டுக்கும் கழற்றி லாக்கரில் வைக்க வேண்டும். வீட்டிலும் சப்பாத்தி மாவு, சோப்பு, கை கிரீம் எல்லாம் பின்னலுக்குள் போய் உட்கார்ந்து சாம்பல் நிறமாகிவிடும். வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான தண்ணீரில் துளி சோப்பு விட்டு, குழந்தைகளின் மெத்தென்ற பல் பிரஷ்ஷால் தேய்க்கிறேன். அது போதும். தங்கம் நன்றாகவே உழைத்திருக்கிறது. இழைகளின் முதுகு கொஞ்சம் மழுங்கியிருக்கிறது, எனக்கு அது புதுசைவிட அழகாகத் தெரிகிறது.

கல் விஷயத்தில்தான் அடி வாங்கினேன். மூன்றாவது வருடம் வேறொரு கடையில் இலவசமாகச் சுத்தம் செய்து தருகிறோம் என்றார்கள், கொடுத்தேன். ஒலி அதிர்வால் அழுக்கை உதிர்க்கும் அல்ட்ராசோனிக் எந்திரத்தில் போட்டு எடுத்தார்கள். மரகதத்துக்குள் இயல்பாகவே நுண்விரிசல்கள் இருக்கும், பெரும்பாலான கற்களில் அவற்றை எண்ணெய் ஊட்டி மறைத்திருப்பார்கள், அந்த அதிர்வில் எண்ணெய் வெளியேறிவிடும். இது எனக்கு அப்போது தெரியாது. அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். திரும்பி வந்தபோது இரண்டு கல் வெளுத்து நூல் நூலாக விரிசல் காட்டியது, ஒரு மாதத்தில் ஒன்று பிடியிலிருந்து விழுந்தே போனது. கேட்டதற்குத் தோளைக் குலுக்கினார்கள். இன்னொரு பொற்கொல்லர் அந்த இடத்தில் சாவரைட் வைத்துத் தந்தார். நம்மூர்க் கோமேதகத்தின் வகையைச் சேர்ந்த பச்சைக் கல் அது, எண்ணெய் ஊட்டும் தொல்லை கிடையாது. உற்றுப் பார்த்தால் பச்சை ஒரு பொடி மாறும், யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. தினமும் போடுவதென்றால் நீலக்கல் வாங்குங்கள், கடினத்தைக் காட்டும் மோஸ் அளவுகோலில் 9. மரகதம் ஏழரைக்கும் எட்டுக்கும் நடுவில், விரிசல் வேறு. அயர்லாந்தை "மரகதத் தீவு" என்பது புல்லின் பச்சையைப் பார்த்து வைத்த பெயர், இங்கே மரகதச் சுரங்கம் எதுவும் இல்லை.

அடுத்தது அளவு. ஜனவரிக் குளிரில் விரல் சுருங்கியிருந்தபோது அளவெடுத்து வாங்கினோம். அதே வருடம் மே மாதம் மதுரைக்குப் போனேன், இரண்டாம் நாளே விரல் வீங்கி மோதிரம் இறுகிவிட்டது. மாமியார் தேங்காய் எண்ணெயோடு வந்தார், அசையவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரியில் செய்கிற மாதிரி நூலின் ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து, விரல் மூட்டு வரை நெருக்கமாகச் சுற்றி, அடியிலிருந்து பிரித்துக்கொண்டே வந்து கழற்றினேன். அந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கணவரின் அத்தை, "பச்சைக்கல் புதனுக்கு உரியதும்மா, சுண்டுவிரல்ல போடணும், ராசி பாத்தியா?" என்றார். இங்கே அட்டை, அங்கே அத்தை. ஊர்ப் பத்தரிடம் பெரிதாக்கக் கொடுத்தால், 585 முத்திரையைப் பார்த்துவிட்டு "நூத்துக்கு அம்பத்தெட்டரைதான் தங்கமா?" என்று சிரித்தார். ஆனால் சரியான பதிலையும் அவர்தான் சொன்னார்: சுற்றிலும் வேலைப்பாடு உள்ள மோதிரத்தை அறுத்து ஒட்டினால் பின்னல் அந்த இடத்தில் உடைந்துவிடும். வாங்கும்போது இதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. பின்பக்கம் கொஞ்சம் வெறுமையாக விட்ட மாடலை வாங்கியிருக்க வேண்டும், வாங்காமல் விட்டதற்கு இன்றும் வருந்துகிறேன்.

இப்போது கோடையில் அதைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்கிறேன். சாவரைட் வைத்துத் தந்த பொற்கொல்லரிடம் போன மாதம் கேட்டேன். பட்டையைப் புதிதாகவே வார்க்க வேண்டும், பழைய தங்கத்தைக் கழித்தாலும் 500 யூரோ ஆகும் என்றார். ஒரு அளவு பெரிதாக்கினால் பின்னல் பன்னிரண்டிலிருந்து பதின்மூன்றாகுமா என்று கேட்டேன். அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் இதுவரை கேட்டதில்லையாம். பேப்பரை எடுத்து எண்ண ஆரம்பித்தார்.