கார் லிஃப்டும் அந்த அரை அங்குலமும்

கார் லிஃப்ட் உள்ள ஃபிளாட்டை வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். தி.நகரில் பழைய குடியிருப்பை இடித்துக் கட்டும் புது அபார்ட்மென்ட். அவருக்கு ஒதுக்கியிருக்கும் பார்க்கிங் பேஸ்மென்டில் இருக்கிறது. சாய்தளம் கிடையாது, ஹைட்ராலிக் லிஃப்ட் ஒன்றுதான் வழி. அசோக் நகரில் எங்கள் கட்டடத்திலும் இதே ஏற்பாடுதான். நாலைந்து வருஷமாக இதில்தான் காரை ஏற்றி இறக்குகிறேன், போன மாதம் இதற்கு ஒரு பெரிய ரிப்பேரும் முடிந்தது. போனில் சொல்ல ஆரம்பித்தால் கோபம்தான் முதலில் வருகிறது, அதனால் எழுதிவிடுகிறேன்.

லிஃப்ட் வைத்ததற்காக பில்டரைக் குறை சொல்ல மாட்டேன். பேஸ்மென்ட் தரை தெருமட்டத்திலிருந்து மூன்று மீட்டர் கீழே இருக்கிறது. எட்டுக்கு ஒன்று என்ற சரிவில் சாய்தளம் போட்டால் 24 மீட்டர் நீளம் வேண்டும். உச்சியிலும் அடியிலும் வண்டியின் வயிறு தட்டாமலிருக்கச் சரிவைக் குறைத்துச் சேர்க்கிற பகுதி தனி. ஒரு கிரவுண்ட் என்பது 2400 சதுர அடி. நாற்பதுக்கு அறுபது மனை என்றால் அதன் முழு நீளமே 18 மீட்டர்தான். இரண்டு கிரவுண்டில் வளைத்துக் கட்டினாலும், கார் நிறுத்த வேண்டிய இடத்தில் பெரும்பங்கு சாய்தளத்துக்கே போய்விடும். சின்ன மனையில் லிஃப்ட் சரியான முடிவு. வந்த நாள் முதல் அதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

என் பிரச்சினை அந்த அரை அங்குலம்.

லிஃப்ட் வந்து நின்றதும் அதன் தளமும் கட்டடத்தின் தரையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். எங்கள் லிஃப்ட் காரோடு மேலே வரும்போது அரை அங்குலம் கீழேயே நின்றுவிடும், சில நாள் முக்கால் அங்குலம். கேட்பவர்கள் இதெல்லாம் ஒரு விஷயமா என்பார்கள். ரோட்டில் அரை அங்குல மேடு தெரியவே தெரியாது, ஏனென்றால் வண்டி ஓடிக்கொண்டிருக்கும். இங்கே நின்ற இடத்திலிருந்து ஏற வேண்டும். முன்சக்கரம் அந்த இரும்பு விளிம்பில் முட்டி நிற்கும். என் வண்டி ஏ.எம்.டி. வேகன் ஆர், கிளட்ச் மிதி கிடையாது, கிளட்சும் கியரும் தானாக மாறும். பிரேக்கை விட்டால் மெல்ல நகரும், விளிம்பில் பட்டதும் நின்றுவிடும். ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் தொட்டால் ஒன்றும் நடக்காது, இன்னும் கொஞ்சம் அழுத்தினால் கிளட்ச் பிடித்துச் சட்டென்று தாவும். தாவிய வண்டியை உடனே பிரேக் போட்டு நிறுத்த வேண்டும், எதிரில் ஸ்டில்டில், அதாவது தரைத்தளத்துத் தூண்களுக்கு நடுவில் உள்ள பார்க்கிங்கில், குழந்தைகளின் சைக்கிள்கள் நிற்கும். பின்சக்கரத்துக்கு மறுபடி இதே கூத்து. தினமும் காலையில், ஸ்கூல் நேரத்தில்.

புகார் கொடுத்தபோதெல்லாம் பராமரிப்பு ஒப்பந்தக்காரர்கள் ஆள் அனுப்பினார்கள். அதில் குறை இல்லை. வருகிறவர் தளம் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லும் சென்சாரை ஒரு நூல் மேலே நகர்த்துவார், காலி லிஃப்டை ஏற்றி இறக்கிக் காட்டுவார், மட்டம் சரியாக இருக்கும், கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். இரண்டு வாரத்தில் பழைய நிலை. கேட்டால் ஒரே பதில்: "கார் வெயிட் ஜாஸ்தி சார்." லிஃப்டின் உள்ளே பலகையில் 2500 கிலோ என்று எழுதியிருக்கிறது. என் வண்டி ஒரு டன்கூடத் தேறாது. அடுத்த ஃபிளாட்காரரின் எக்ஸ்.யூ.வி.700 கிட்டத்தட்ட அதைப்போல் இரண்டு மடங்கு. அவருக்கும் எனக்கும் ஒரே படிதான். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது.

போன மாதம் வேறொரு மெக்கானிக் வந்தார், வயதானவர். சென்சாரைத் தொடவே இல்லை. காரை உள்ளே விடச் சொன்னார், மேலே கொண்டுவந்து நிறுத்தினார், தரைக்கும் தளத்துக்கும் நடுவில் ஸ்கேலை வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். தளம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் மோட்டார் தானாக ஓடி அதைத் தூக்கியது. மறுபடி இறங்கியது. "வால்வு பிடிக்கல தம்பி" என்றார்.

ஹைட்ராலிக் லிஃப்டைத் தூக்கிப் பிடித்திருப்பது எண்ணெய். ஏறும்போது பம்ப் எண்ணெயைச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. இறங்கும்போது பம்புக்கு வேலையே இல்லை, வால்வைத் திறந்தால் காரின் எடையே எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பிவிடும். அந்த இறங்கு வால்வின் சீலில் தூசி உட்கார்ந்து கீறல் விழுந்திருந்தது. மூடிய பிறகும் எண்ணெய் கசிந்துகொண்டே இருந்ததால் தளம் அமிழ்ந்தது. இதோடு சூடும் சேர்ந்துகொள்கிறது. காலையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கார்கள் ஏறும்போது எண்ணெய் சூடாகி இளகும், பம்பிலும் கசிவு கூடும், கடைசி சில அங்குலத்தில் வேகம் குறைந்து லிஃப்ட் மட்டத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிடும். முதல் ஆளாகக் கிளம்புகிறவருக்குப் படி சின்னதாகவும், எட்டரை மணிக்குக் கிளம்பும் எனக்குப் பெரிதாகவும் இருந்ததற்குக் காரணம் அதுதான். சீலை மாற்றி, எண்ணெயை வடிகட்டி ஊற்றி, கடைசியாகத்தான் சென்சாரைச் சரிசெய்தார். இப்போது தளம் தரையோடு தரையாக நிற்கிறது. காரை ஏற்றினால் முன்சக்கரத்துக்கு லேசாக அமுங்குகிறது, அது பாரம் ஏறுவதால் வருவது, எல்லா லிஃப்டிலும் கொஞ்சம் உண்டு.

ஒரு நாள் வேலை இது. இதைச் செய்ய இத்தனை வருஷம் ஏன் ஆனது என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. காலி லிஃப்டை ஓட்டிப் பார்த்து மட்டம் சரி என்று எழுதிக்கொண்டு போனவர்களுக்கு, காரோடு ஒருமுறை பார்க்கத் தோன்றவில்லையே!

நல்லதையும் சொல்ல வேண்டும், நிறையவே இருக்கிறது. எங்கள் லிஃப்டுக்கு இரண்டு பக்கமும் கதவு. தெருப்பக்கம் நுழைந்து, கீழே எதிர்ப்பக்கமாக நேரே வெளியேறலாம். காலையில் திரும்பி அந்தப் பக்கமாக ஏறினால் தெருவைப் பார்த்தபடி வெளியே வரலாம். ரிவர்ஸ் எடுக்கும் வேலை லிஃப்டில் எங்குமே இல்லை. என் மாமியாருக்கு ரிவர்ஸ் என்றாலே பயம், அவரே தனியாக வண்டியை இறக்கி நிறுத்துகிறார். சாய்தளத்தில் பாதி வழியில் நின்று, எதிரே வருகிற வண்டிக்காகப் பின்னால் உருளும் கவலையும் கிடையாது.

அப்புறம் அந்த இறக்கம். உள்ளே விட்டு, பச்சை விளக்கு சிவப்பானதும் இன்ஜினை அணைக்கிறோம். மூடிய இடத்தில் புகை ஆபத்து, அணைத்தே ஆக வேண்டும். மேலே போகும்போது மோட்டார் இரையும். கீழே இறங்கும்போது அதுவும் இல்லை, குழாயில் எண்ணெய் ஓடுகிற சன்னமான சத்தம் மட்டும். ஒருமுறை நடுவழியில் கரண்ட் போய், ஜெனரேட்டரும் எடுக்கவில்லை. உள்ளே அப்பாவும் நானும். பாட்டரியில் வால்வு திறந்து, கார் அதே வேகத்தில் இறங்கிப் போய்க் கீழ்த்தளத்தில் நின்றது. அப்பாவுக்குக் கரண்ட் போனதே தெரியாது. ஹைட்ராலிக்கின் பெரிய பலம் இதுதான், பயந்தவர்கள் யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதை. ஆனால் பாட்டரி கீழேதான் இறக்கும், மேலே தூக்காது. அதை மறக்கக்கூடாது.

காலை நெரிசல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு வண்டிக்கு இரண்டு மூன்று நிமிஷம். வாட்ஸ்அப் குரூப்பில் யார் எப்போது கிளம்புகிறோம் என்று முந்தின இரவே போட்டுவிடுகிறோம், சண்டை வருவதில்லை.

மழைதான் வேறு கதை. ஹைட்ராலிக் லிஃப்டைக் கொஞ்ச நேரம் யாரும் தொடாவிட்டால் தானாகக் கீழ்த்தளத்துக்குப் போய் நிற்கும்படி வைத்திருப்பார்கள். மேலே நின்றால் எண்ணெய் கசிந்து தளம் அமிழும் என்பதால் அப்படி. பாதுகாப்பான ஏற்பாடுதான். ஆனால் தண்ணீர் உள்ளே வருகிற இரவில் அது லிஃப்டை நேரே தண்ணீருக்குள் அனுப்பும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்களுக்குக் கிடைத்த பாடம் இது. எங்கள் மோட்டார், எண்ணெய்த் தொட்டி, கன்ட்ரோல் போர்டு எல்லாம் இருக்கிற மெஷின் ரூமும் பேஸ்மென்டில்தான். லிஃப்ட் குழிக்குள் தண்ணீர் இறங்குவதற்கு முன்பே மெயினை அணைத்தோம், கார்கள் கீழே மாட்டிக்கொண்டன. சாய்தளமாக இருந்தால் ஓட்டி வெளியே வந்திருக்கலாம். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் ஊரே காரைக் கொண்டுபோய் நிறுத்தியதே, அதேபோல நாங்களும் எச்சரிக்கை வந்தாலே முந்தின நாளே எல்லா வண்டியையும் மேலே எடுத்துவிடுகிறோம். தெருவில் இடம் பிடிக்க ஓட வேண்டியிருக்கிறது.

வால்வு சரியான இந்த மாதத்தில் எனக்கு லிஃப்டைப் பிடித்துப்போயிருக்கிறது. காலையில் படி தட்டாமல் வெளியே வரும்போது மனசு லேசாகிறது, உண்மையாகவே. இருந்தாலும் நண்பருக்கு என் பதில்: ஸ்டில்டில் ஒரு இடம் மிச்சம் இருந்தால், கூடப் பணம் கேட்டாலும் அதை வாங்குங்கள், பேஸ்மென்ட் வேண்டாம். இயந்திரத்தின் மேல் எனக்கு வருத்தமில்லை. அதைப் பார்த்துக்கொள்ள வருகிறவர்கள் யாராக இருப்பார்கள் என்பது வீடு வாங்கும்போது நம் கையில் இல்லை, மழையும் இல்லை.

பேஸ்மென்ட்தான் கிடைக்கும் என்றால், லிஃப்டுக்கு மின் ஆய்வுத் துறையின் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். அதே ஆட்கள் கட்டிக்கொடுத்த பழைய கட்டடம் ஒன்றுக்குப் போய், உங்கள் காரோடே லிஃப்டில் ஏறி, மேலே வந்ததும் உடனே இறங்காமல் ஐந்து நிமிஷம் நின்று, தளம் அமிழ்கிறதா என்று பாருங்கள். காலையில் நாலைந்து வண்டி ஏறிய பிறகு போவது நல்லது. மெஷின் ரூமைப் பேஸ்மென்டில் வரைந்திருந்தால், அதைத் தரைத்தளத்துக்கு மாற்றி வரைந்து காட்டும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.