ஜாக்கி வச்சு வீட்டை நாலடி தூக்குனோம் – சோழவந்தான் பக்கம் எங்க வீட்டு அனுபவம்

வீடு தூக்குற சர்வீஸ் எப்படி இருக்கும், நம்பலாமான்னு சொந்தக்காரங்க, கூட வேலை பாக்குறவங்கன்னு ஒரு பத்து பேராவது கேட்டுட்டாங்க. போன வருஷம் வைகாசி திருவிழா முடிஞ்ச கையோட வேலையை ஆரம்பிச்சோம், ஒரு ஐப்பசி மழையும் பாத்தாச்சு, அதனால இப்ப எழுதலாம். கம்பெனி பேரு போடல, வேலை எப்படி நடக்கும்னு தெரிஞ்சுக்கிட்டா எந்த டீம்கிட்டயும் நீங்களே பேசிக்கலாம்.

முதல்ல ஏன் தூக்கணும்னு சொல்லிடுறேன், ஏன்னா வீடு இறங்கல, தெரு ஏறிருச்சு. எங்க ஊரு மதுரை மாவட்டம் சோழவந்தான் பக்கம், பெரியாறு கால்வாய் பாசனம், நெல்லும் தென்னையும் வெத்தலைக் கொடிக்காலும் தான். தாத்தா வீடு கட்டும்போது தெரு வெறும் வண்டிப்பாதை, ரெண்டு பக்கமும் ஓட்டு வீடு, எல்லா வீட்டுக்கும் முன்னாடி திண்ணை, களத்து வேலை முடிஞ்சு வர்றவங்க யாரு வீட்டுத் திண்ணைல வேணா சாஞ்சுக்கலாம். சுவரு செங்கல், ஆனா உள்ள மண் சாந்து, வெளிய சுண்ணாம்புப் பூச்சு, மேல பனங்கை போட்டு முதல்ல நாட்டு ஓடு, அப்புறம் சீமை ஓடு மாத்துனாங்க. தெருவுல இருந்து திண்ணைக்கு ரெண்டடி உயரம். அப்பத்தா எப்பப் பேசுனாலும் "மூணு படி ஏறி வரணும் நம்ம வீட்டுக்கு"ன்னு தான் சொல்லும். எனக்கு விவரம் தெரிஞ்சு நான் பாத்தது ரெண்டு படி தான், வயசான காலத்துல மறந்து பேசுதுன்னு நாங்க நினைச்சுக்குவோம்.

1988ல அப்பா முன்பக்கத் திண்ணையையும் ரேழியையும் இடிச்சிட்டு 820 சதுர அடில தளம் போட்ட வீடு கட்டுனாரு. அந்தக் காலத்துல சிமெண்ட் மேல கண்ட்ரோல் இருந்துச்சு, 82ல பாதி தளர்த்தி 89ல தான் முழுசா எடுத்தாங்க, அதனால அப்பா ஒவ்வொரு மூட்டையையும் எண்ணி எண்ணித் தான் வாங்குனாராம். தெருவுல எங்களோடது மூணாவது மெத்தை வீடு. ரோட்டுல இருந்து ஒன்றரை அடி தூக்கித் தான் பேஸ்மெண்ட் போட்டாரு, அது போதும்னு தான் அப்ப எல்லாருமே நினைச்சாங்க. அதுக்கப்புறம் ஒவ்வொருத்தரா திண்ணையை இடிச்சு கிரில் கேட்டு, அப்புறம் மாடி, அப்புறம் கீழ கடை ஷட்டர், இப்ப தெருவுல திண்ணையோட நிக்கிறது பக்கத்து வீட்டுப் பெரியம்மா வீடு ஒன்னு தான்.

ரோடும் சும்மா இருக்கல. தார் போட்டாங்க, அது பேர்ந்ததும் அது மேலயே ஜல்லியைக் கொட்டி திரும்பத் தார், அப்புறம் அது மேலயே சிமெண்ட் ரோடு, அப்புறம் அதுக்கும் மேல பேவர் பிளாக். ஒரு தடவை கூட பழசைச் சுரண்டி எடுக்கல. ஒவ்வொரு தடவையும் நாலு இன்ச், அஞ்சு இன்ச்னு ஏறி, கடைசில எங்க ஹால் தரை தெருவை விட மூணு இன்ச் கீழ போயிருச்சு. மழை பெஞ்சா வாசல்ல மணல் மூட்டை வச்சுத் தான் தூங்கணும், அம்மா ராத்திரி முழுக்க முழிச்சு உக்காந்திருந்த நாளெல்லாம் உண்டு, பீரோ கால் துருப்பிடிச்சுச்சு, சுவர்ல ரெண்டடிக்கு ஓதம் ஏறி பெயிண்ட் நிக்கவே மாட்டேங்குது.

இடிச்சுக் கட்டலாம்னு கேட்டா சதுர அடிக்கு 2300 சொன்னாய்ங்க, கிட்டத்தட்ட 19 லட்சம். அப்பா கட்டுன வீட்டை இடிக்க மனசும் இல்ல. அப்புறம் தான் இந்த லிஃப்டிங் ஆளுங்களைப் பிடிச்சோம். எங்களுக்குச் சொன்ன ரேட்டு, மூணடி வரைக்கும் சதுர அடிக்கு 260, அதுக்கு மேல ஒவ்வொரு அடிக்கும் 50 ரூபா சேத்து. நாலடின்னு பேசி 2 லட்சத்து 54 ஆயிரத்துக்கு முடிச்சோம்.

வேலையைப் பத்திச் சொல்லணும்னா, இந்த இடத்துல நான் முழு மார்க் போடுவேன். 15 பேரு, பெரும்பாலும் வடக்க இருந்து வந்தவங்க, மேஸ்திரி மட்டும் தமிழ். முதல்ல தண்ணி லைன், செப்டிக் டேங்க் பைப், ஈ.பி சர்வீஸ் வயர் எல்லாம் கழட்டிட்டு தரையை உடைச்சு சுவர் ஓரமாவே தோண்டுனாய்ங்க. அப்புறம் சுவருக்கு அடில கொஞ்சம் கொஞ்சமா, ஒன்னு விட்டு ஒன்னு செங்கலை எடுத்து ஜாக்கியை நுழைச்சு, மேல இரும்பு சேனல் வச்சாய்ங்க, ஒரே நேரத்துல நீளமா எடுக்கவே இல்ல. மொத்தம் 140 ஜாக்கி, நானே எண்ணுனேன். வீடு முழுசும் ஜாக்கி மேல உக்காந்ததும் மேஸ்திரி ஒரு குரல் குடுப்பாரு, எல்லாரும் அவங்கவங்க ஜாக்கியை ஒரே அளவு திருப்புவாய்ங்க, அடுத்த ஜாக்கிக்கு நகருவாய்ங்க, திரும்பக் குரல். ஒரு சுத்துக்கு வீடு ஏறுறது கண்ணுக்கே தெரியாது. டியூப் லெவல், அதாவது மட்டம் பாக்குற தண்ணி டியூப் வச்சு நாலு மூலையும் பாத்துக்கிட்டே இருந்தாரு. நாலடியையும் ஒரே மூச்சுல தூக்கல, ஒன்றரை அடி ஏறுனதும் அடில கட்டுவேலை, அப்புறம் அடுத்தது. முதல் நாள் அம்மா தெருக் கோடிப் பிள்ளையார் கோயில்ல போய் உக்காந்துருச்சு, பாக்கவே மாட்டேன்னு. சாயங்காலம் வந்து பாத்தா மாடிக் கைப்பிடி சுவருக்கு மேல தெரியுற தென்னை மட்டை கொஞ்சம் இறங்கித் தெரியுது, அம்புட்டுத் தான் வித்தியாசம். சமையக்கட்டு அலமாரில மாட்டியிருந்த கண்ணாடி கூட கீழ விழல.

இப்ப நான் சொல்லப்போற விஷயத்துக்கும் சர்வீஸுக்கும் சம்பந்தம் இல்ல, ஆனா எனக்கு இந்த வேலைல கிடைச்சதுலயே பெருசு அது தான். புதுப் படிக்கட்டுக்கு வாசல் ஓரமா குழி எடுத்தாய்ங்க. குழிக்குள்ள தெரு அப்படியே அடுக்கடுக்கா தெரியுது. மேல பேவர் பிளாக், அதுக்கு அடில கிரஷர் டஸ்ட், அப்புறம் சிமெண்ட் ரோடு, ஜல்லி, கருப்பா ஒரு தார், திரும்ப ஜல்லி, திரும்பத் தார், கடைசில பெரிய சைஸ் ஜல்லியும் முதல் தாரும், அதுக்குக் கீழ பழைய வண்டிப்பாதை மண்ணு. டேப் வச்சுப் பாத்தேன், 31 இன்ச். அந்த மண்ணு மேல ஒரு கருங்கல், மூணரை அடி நீளம், மேல் பக்கம் கால் பட்டு பட்டு வழவழன்னு தேஞ்சிருக்கு. தாத்தா வீட்டு முதல் படி. முதல் ரோடு போட்டப்பவே அது மூடிப் போயிருக்கு, அதான் 88ல இடிக்கும்போது யாரும் எடுக்கல. அப்பத்தா சொன்ன மூணாவது படி. அது உசுரோட இல்ல இப்ப, இருந்திருந்தா தூக்கிட்டு வந்து காமிச்சிருப்பேன். கல்லைக் கழுவி புதுப் படிக்கட்டுக்கு முதல் படியா அதையே போடச் சொல்லிட்டேன்.

சரி, குறைங்க. பெரிய குறை, பேச்சுல சொன்னது ஒன்னு எழுத்துல இருந்தது ஒன்னு. மண் நிரப்புறதும் அவங்க வேலை தான்னு முதல்ல வாயால சொன்னாய்ங்க, பேப்பர்ல அது இல்ல, நானும் சரியாப் படிக்கல. 820 சதுர அடிக்கு நாலடி உயரம்னா கணக்குப் போட்டுக்கோங்க, மூணு யூனிட் டிப்பர்ல (ஒரு யூனிட்னா நூறு கன அடி) பத்து லோடு கிராவல் வாங்குனோம். அது போக தரை, டைல்ஸ், பிளம்பிங், படிக்கட்டு, வாசல்ல சாய்தளம் எல்லாம் சேத்து மொத்தம் ஆறு லட்சத்தைத் தாண்டிருச்சு. தூக்குற கூலி பாதி கூட இல்ல, மிச்சம் தான் செலவு, இதை யாருமே முன்னாடி சொல்றதில்ல. ரெண்டாவது, ஒரு மாசம்னு சொன்னது 44 நாள் ஆச்சு, நடுவுல 12 நாள் ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு வேற சைட்டுக்குப் போயிட்டாய்ங்க, வீடு ஜாக்கி மேலயே நிக்குது, எனக்குத் தூக்கமே இல்ல, ஃபோன் பண்ணாலும் சரியா எடுக்கல. இது எந்த விதத்துலயும் சரியில்ல. மூணாவது, பாத்ரூம் லிண்டல் மேல ஒரு விரிசல், அதைக் கேட்டதும் வந்து விரிசலுக்குள்ள கலவை ஏத்தி அடைச்சுக் (கிரவுட்டிங்) குடுத்தாய்ங்க, மழைல கசியல. இன்னொன்னு, இப்ப வாசலுக்கு ஏழு படி, அம்மாவுக்கு முட்டி வலி, கைப்பிடி வச்சும் கஷ்டப்படுது. நாலடி வேணாம் மூணடி போதும்னு அப்பவே யோசிச்சிருக்கணும்.

எல்லா வீட்டையும் தூக்க முடியாது, அதையும் தெரிஞ்சுக்கோங்க. எங்க பின்கட்டு இன்னும் தாத்தா கட்டுன ஓட்டு வீடு தான், அதையும் சேத்துத் தூக்கலாமான்னு கேட்டேன், மேஸ்திரி சுவர்ல ஒரு கல்லை நெம்பிப் பாத்துட்டு மண் சாந்து, ஜாக்கி குடுத்தா கல்லு கல்லா உதிர்ந்துரும்னு சொல்லிட்டாரு. நேர்மையான பதிலு, காசுக்காக முடியும்னு சொல்லியிருக்கலாம். அதனால பின்கட்டு கீழயே இருக்கு, நெல் குதிரும் பழைய பாத்திரமும் அங்க தான், ஹால்ல இருந்து இறங்கித் தான் போகணும். பொதுச்சுவர் இருந்தாலும் தூக்க முடியாது. பெரியம்மா வீட்டுக்கும் அதுக்கு அங்கிட்டு இருக்குற வீட்டுக்கும் ஒரே சுவரு, மண் சாந்து வேற, அதனால அவங்களுக்கு இந்த வழியே கிடையாது.

இதுல எனக்கு உறுத்துறதும் அது தான். நாங்க ஏறிட்டோம், முன்னாடி ரெண்டு வீட்டுக்கும் பாதிப் பாதி போன தண்ணி இப்ப மொத்தமா அவங்க பக்கம் தான் போகும். படிக்கட்டு வேலையோடவே அவங்க திண்ணை ஓரமா எங்க செலவுல ஒரு சின்ன வாய்க்கால் கட்டி சாக்கடைல சேத்துவிட்டோம், போன ஐப்பசில ரெண்டு நாள் தவிர தண்ணி உள்ள போகல. ஆனா அந்த ரெண்டு நாளும் போச்சு. நீங்க தூக்குறதா இருந்தா பக்கத்து வீட்டுத் தண்ணிக்கும் சேத்து பட்ஜெட் போடுங்க.

மத்தபடி, பேச்சை நம்பாம எல்லாத்தையும் எழுதி வாங்குங்க, ஜாக்கி எத்தனைன்னு எழுதச் சொல்லுங்க, வேலை முடியுற வரைக்கும் ஆளு நகரக்கூடாதுன்னு எழுதுங்க, பணத்துல கால்வாசியாவது கடைசி நாளுக்கு நிறுத்தி வைங்க, மாசம் தை முதல் ஆனிக்குள்ள பாத்துக்கோங்க. வேலைத்திறமைக்கு 5க்கு 5, நேரத்துக்கு 2, பணப் பேச்சுக்கு 2, மொத்தத்துல 5க்கு மூணரை. திரும்பக் கேட்டா இதே டீமைத் தான் கூப்பிடுவேன், அக்ரிமெண்ட் மட்டும் நான் எழுதுவேன்.

போன வாரம் தெருவுல டேப் பிடிச்சு மஞ்சப் பெயிண்ட்ல மார்க் பண்ணிட்டுப் போயிருக்காங்க, பேவர் பிளாக் அங்கங்க இறங்கிருச்சு, திரும்பப் போடப் போறாங்களாம். பழசைச் சுரண்டி எடுத்துட்டு அதே மட்டத்துல தான் புது ரோடு போடணும்னு 2021 மே மாசமே தலைமைச் செயலாளர் சம்பந்தப்பட்ட துறைகளுக்கு எழுதியிருக்காரு. அதைச் சொல்லி, குழில எடுத்த போட்டோவும் 31 இன்ச் அளவும் வச்சு ஒரு மனு ரெடி பண்ணியிருக்கோம். தெருவுல 23 வீடு, இதுவரைக்கும் 19 கையெழுத்து. முதல் கையெழுத்து பெரியம்மாவோடது, அவங்க வீட்டுத் திண்ணைல வச்சுத் தான் போட்டாங்க.