பிஎம்டபிள்யூ 325ஐ காரில் இரு பக்க எக்ஸாஸ்ட்: செங்கோட்டைப் பகுதியில் ஓட்டிய அனுபவம்

என்னுடையது இ90 வகையைச் சேர்ந்த பிஎம்டபிள்யூ 325ஐ. ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் அமைந்த 2.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். பின்னால் இடப்பக்கம் மட்டும் இருந்த சைலன்சரைக் கழற்றிவிட்டு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பொருத்தி, செங்கோட்டைக்கும் புனலூருக்குமாகப் பல சாரல் பருவங்கள் ஓட்டிய பிறகே இதை எழுதுகிறேன். சக்தி கூடும் என்று நம்பி யாரும் இதில் பணம் போட வேண்டாம். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைத் தொடாமல் அதற்குப் பின்னால் செய்யும் எந்த மாற்றமும் இந்த எஞ்சினுக்குப் பெரிதாக எதையும் கூட்டித் தராது; புளியரை ஏற்றத்தில் எனக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. ஓசைக்காகச் செய்யலாம், முறையாகச் செய்வதாக இருந்தால்.

முறை என்று நான் சொல்வது முதலில், இரு புகைக்குழாய்களையும் எக்ஸ் வடிவில் இணைக்கும் எக்ஸ் பைப்பைத்தான். இந்த எஞ்சினில் முன் மூன்று சிலிண்டர்களுக்கு, அவற்றின் புகையை ஒன்றுசேர்க்கும் ஒரு மேனிஃபோல்டும் பின் மூன்றுக்கு இன்னொன்றும் உண்டு. சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை (ஃபயரிங் ஆர்டர்) 1-5-3-6-2-4 என்பதால் இரு தொகுதிகளும் மாறி மாறியே வெடிக்கின்றன. 2,000 ஆர்பிஎம்மில் ஒரு குழாயில் நொடிக்கு 50 புகைத் துடிப்புகள் போகும். இரண்டும் கலந்தால் 100. இரு குழாய்களையும் கலக்கவிடாமல் கடைசிவரை தனித்தனியே இழுத்துச் சென்றால், மூன்று சிலிண்டர் வண்டிகள் இரண்டு அருகருகே ஓடுவதுபோன்ற கரகரப்புத்தான் காதில் விழும். வண்டியின் நடுப்பகுதியில் எக்ஸ் வடிவில் இணைத்தபோதுதான், ஆறு சிலிண்டருக்கே உரிய அந்த இழைந்த ஓசை முழுமையாக வெளிப்பட்டது. அதைக் கேட்டவர்களுக்கு நான் எதற்காக இவ்வளவு மெனக்கெட்டேன் என்பது புரியும்.

மலைச்சாலையில் இனிமையாக இருந்த அதே ஓசை, தென்காசியிலிருந்து திருநெல்வேலி நோக்கிச் சீரான வேகத்தில் போகும்போது கேபினுக்குள் ஒரு முழக்கமாகத் தேங்கி, பின்சீட்டில் இருந்தவர்களுக்குத் தலைவலியை உண்டாக்கியது. 2,000 ஆர்பிஎம்மை ஒட்டி எழும் அந்த 100 ஹெர்ட்ஸ் முழக்கத்தை அடக்க, ஒரு முனை அடைக்கப்பட்ட கிளைக்குழாய் ஒன்றைப் பிரதான குழாயின் பக்கவாட்டில் பட்டறையில் வெல்டிங் செய்தார்கள். அதன் நீளம் அலைநீளத்தில் கால் பங்கு இருக்க வேண்டும்; சூடான புகையில் ஒலியின் வேகம் கூடுதல் என்பதால், அது ஒரு மீட்டருக்குச் சற்று மேல் வந்தது. முழக்கம் பெருமளவு அடங்கிவிட்டது. ஓசையின் தன்மையோ கெடவில்லை.

எங்கள் பகுதியின் ஈரத்துக்கு 304 ஸ்டெயின்லெஸ் குழாயும் ஆர்கான் வெல்டிங்கும் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். வெளியிலிருந்து வரும் மழைநீரைவிட உள்ளே உண்டாகும் தண்ணீர்தான் பெரிய எதிரி: ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. புகை இரண்டாகப் பிரிவதால் ஒவ்வொரு சைலன்சரும் சூடாக அதிக நேரம் ஆகிறது. செங்கோட்டையிலிருந்து தென்காசிக்குப் போய்வரும் குறைந்த தூரத்தில் ஆவி முழுவதும் வெளியேறாமல் அடியில் தேங்குகிறது. அடிப்பாகத்தின் தாழ்ந்த இடத்தில் சிறு துளை போடச் சொன்னேன். காலையில் வண்டியைக் கிளப்பியதும் அதன் வழியே சொட்டுச் சொட்டாகக் கரிகலந்த நீர் வடிவதை இன்றும் பார்க்கலாம். குழாய் பழுப்பேறியிருக்கிறதே தவிர அரிக்கவில்லை. சாதாரண இரும்பில் இருந்த கிளாம்ப் போல்ட்டுகள்தாம் துருவேறி இறுகிப்போய், அறுத்தெடுக்க வேண்டியதாயிற்று.

வலப்பக்கச் சைலன்சர் வைப்பவர்கள் டிக்கியின் வலது மூலையில்தான் பேட்டரி இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. அங்கே வெப்பத்தைத் தடுக்கும் ஹீட் ஷீல்டு தகடு இல்லாமல் வண்டியை எடுத்துவர வேண்டாம்.

சட்டத்தைப் பொறுத்தவரை, மத்திய மோட்டார் வாகன விதி 120 சைலன்சரைக் கட்டாயமாக்குகிறது. ஒலி, புகை வரம்பை மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதமும் மூன்று மாதம் வரை சிறையும் விதிக்கலாம். மாற்றியமைத்த வண்டிகள் விஷயத்தில் கேரளம் கண்டிப்பானது. எல்லையைத் தாண்டி ஆரியங்காவில் சோதனைக்கு நிறுத்தியபோது ஐடிலில் ஓசையைக் கேட்டு, பொல்யூஷன் சான்றிதழைப் பார்த்து அனுப்பிவிட்டார்கள். கன்வர்ட்டர்களைக் கழற்றச் சொன்ன நண்பர்களின் பேச்சைக் கேட்காதது அங்கே உதவியது.

மைலேஜ் மாறவில்லை. சைலன்சரைத் தாங்கும் ரப்பர்கள் மட்டும் மலைச்சாலையின் குலுக்கலில் சீக்கிரம் வெடிக்கின்றன. ஒவ்வொரு ஆயில் சர்வீஸின்போதும் வண்டியைத் தூக்கி அவற்றைப் பார்க்கச் சொல்லிவிடுகிறேன்.